மலைவிடுதி ஸ்னோமொபைலின் ஸ்லைடுகள் ஒரே பருவத்தில் அழிந்தது ஏன்: டர்பன் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரில், செயற்கைப் பனியைக் கொண்டு குளிர்காலச் சறுக்கு விளையாட்டு நடத்தும் விடுதி ஒன்று, தன் வேலையாட்களையும் கருவிகளையும் சரிவில் ஏற்றி இறக்க, பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைல் ஒன்றை வைத்திருக்கிறது. அதன் ரப்பர் டிராக்குக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடுகள் பருவம் முடிவதற்குள்ளேயே கரைந்து, ஓரிடத்தில் அலுமினிய ரெயிலே வெளியே தெரியும் நிலைக்கு வந்துவிட்டதால், வண்டி டர்பனில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது. நாங்கள் ஸ்னோமொபைல் பழுதுபார்ப்பவர்கள் அல்லர். குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கரும்பாலைகளிலும் பாட்டில் நிரப்பும் ஆலைகளிலும் ஓடும் சங்கிலிக் கன்வேயர்களுக்குத் தேய்மானப் பட்டைகள் வெட்டிக் கொடுப்பதே எங்கள் தொழில். ஆனால் அந்தப் பட்டைகளும் ஸ்னோமொபைலின் ஸ்லைடுகளும் ஒரே பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதை, டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்து இப்போது அந்த விடுதியில் வண்டிகளைக் கவனிக்கும் தம்பி அறிந்திருந்தார். அதனால்தான் எங்களிடம் கொண்டுவந்தார்.

அவர் வைத்த கோரிக்கை எளிமையானது. "அண்ணா, கடைசியாக விலை கூடின ஸ்லைடு வாங்கிப் போட்டோம், அதுவும் போய்விட்டது. உங்களிடம் இருக்கிற தகட்டில் இதைவிடக் கெட்டியாக ஒன்று வெட்டிக் கொடுங்கள்" என்றார். கெட்டியான பொருளைத் தேடுவது இந்த வண்டிக்கு மருந்தல்ல என்பதுதான் ஆய்வின் முடிவில் தெரிந்தது. அதை எப்படி அறிந்தோம், என்ன செய்தோம், எது இன்னும் தீராமல் இருக்கிறது என்பதை முழுவதுமாக எழுதி வைப்பது, இதே பிளாஸ்டிக்கோடு வேறு இயந்திரங்களில் மல்லுக்கட்டும் ஃபிட்டர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஸ்லைடு செய்யும் வேலை

ஸ்னோமொபைலின் பின்பாகத்தில் உள்ள தொடர் ரப்பர் பட்டையே டிராக். அதன் உட்புறத்தில், நீளவாட்டில் இரண்டு அலுமினிய ரெயில்கள் இருக்கின்றன; வண்டியின் எடையில் பெரும்பகுதியை அவையே டிராக்கின் மீது இறக்குகின்றன. ரெயிலின் அடியில் பள்ளத்தோடு கூடிய பிளாஸ்டிக் பட்டை செருகப்பட்டிருக்கும். அதுவே ஸ்லைடு. டிராக்கில் வரிசையாக உள்ள துளைச் சாளரங்களின் விளிம்பில் எஃகுக் கிளிப்புகள் பதிந்திருக்கும்; வண்டி ஓடும்போது அந்தக் கிளிப்புகள் ஸ்லைடின் அடிப்பரப்பில் உரசிக்கொண்டே கடந்து செல்லும். பழைய வண்டிகளில் எடை முழுவதும் சிறு சக்கரங்களின் மீது நின்றது. ரெயிலும் ஸ்லைடும் பரவலான பிறகும் போகி சக்கரங்கள் எனப்படும் சில சக்கரங்கள் துணைக்கு இருக்கின்றன.

ஸ்லைடின் பொருள் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். சாதாரண உயர் அடர்த்திப் பாலிஎத்திலீனின் மூலக்கூறு எடை பெரும்பாலும் சில லட்சங்களுக்குள் அடங்கும். இதனுடையதோ 30 முதல் 60 லட்சம் வரை செல்லும். உராய்வைத் தாங்குவதில் இதற்கு நிகரான மலிவான பிளாஸ்டிக் இல்லை. அதன் பலவீனம் வெப்பம். சுமார் 135 டிகிரி செல்சியசில் அதன் படிகக் கட்டமைப்பு உருகிவிடும். அதற்கு வெகு முன்பே அது இளகத் தொடங்கிவிடும். வெப்பத்தைக் கடத்துவதிலும் அது மிக மந்தமானது. எஃகோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு வேகத்தில்தான் வெப்பம் அதனுள் நகரும். ஆகவே மேற்பரப்பில் பிறந்த சூடு அங்கேயே தங்கிவிடுகிறது.

கிளிப் ஒவ்வொன்றும் ஒரு சுற்றில் சிறிது நேரமே ஸ்லைடைத் தொட்டுவிட்டு, பின்சக்கரத்தைச் சுற்றி மேலே போய், காற்றிலும் பனியிலும் ஆறிவருகிறது. ஸ்லைடுக்கு அந்த ஓய்வு இல்லை. அதன் ஒவ்வொரு புள்ளியையும் அடுத்தடுத்த கிளிப் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. இந்த ஏற்பாடு நிலைத்து நிற்பதற்கு ஒரே காரணம், டிராக் வாரி இறைக்கும் பனித்தூள் கிளிப்பின் மீதும் ஸ்லைடின் மீதும் விழுந்து, உருகி, மெல்லிய நீர்ப்படலமாகி உராய்வையும் வெப்பத்தையும் ஒருசேரக் குறைப்பதுதான். பனி இந்த வண்டிக்குப் பாதை மட்டுமல்ல, அதன் எண்ணெயும் குளிர்நீரும் அதுவே.

வண்டியில் கண்டவை

பின்பாகத்தைத் தாங்கியின் மீது தூக்கி, எஞ்சினை இயக்காமல் கையாலேயே டிராக்கைச் சுற்றிப் பார்த்தோம். எஞ்சினை ஓட்டி டிராக்கைச் சுழலவிட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பிய்ந்த கிளிப்போ சிக்கிய கல்லோ பின்னால் நிற்பவரின் மீது பாயக்கூடும் என்பதால், இந்தச் சோதனைக்கு அது தேவையும் இல்லை, தகுந்ததும் இல்லை.

முதலில் கண்ணில் பட்டது இரு பக்கமும் ஒரே அளவில் தேயவில்லை என்பது. இடதுபக்க ஸ்லைடு, ரெயில் முன்புறமாக மேலே வளையும் இடத்தில் முற்றிலும் அழிந்து, கிளிப்புகள் அலுமினியத்தையே வரித்திருந்தன. வலதுபக்கம் அதே வளைவில் மெலிந்திருந்தாலும், தயாரிப்பாளர் பக்கவாட்டில் வார்த்துவைத்த தேய்மான எல்லைக் கோட்டுக்கு அருகில்தான் நின்றது. ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்தால், டிராக் கோணலாக ஓடுகிறது என்றோ ரெயில் வளைந்திருக்கிறது என்றோ நினைப்பதே வழக்கம். நூல் பிடித்து அளந்ததில் ரெயில்கள் நேராக இருந்தன. டிராக் சற்றே ஒருபுறம் சாய்ந்திருந்தாலும், இவ்வளவு வேறுபாட்டுக்கு அது போதாது.

விடை இடது ஸ்லைடின் விளிம்பில் இருந்தது. அங்கே பிளாஸ்டிக் மெழுகுவத்தியின் ஓரம் வழிவதுபோல் வழிந்து உறைந்திருந்தது. மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் அவ்வாறு வழியாது. உருகுநிலையைத் தாண்டியும் அது கண்ணாடிபோல் தெளிந்து, ரப்பர் போன்ற கூழாக, தன் வடிவத்தை விடாமல் நிற்கும். எங்கள் பட்டறையில் பழைய டர்னராக இருக்கும் பெரியவர் இரு பக்கத்திலிருந்தும் ஒரு சீவல் எடுத்துச் சூடான எஃகுத் தகட்டின் மீது வைத்தார். வலதுபக்கச் சீவல் தெளிந்து அப்படியே கிடந்தது. இடதுபக்கச் சீவலோ உருகிப் பரவி, கம்பியால் தொட்டபோது நூலாக இழுபட்டது. "தம்பி, இது வேறு சாதிப் பிளாஸ்டிக்" என்றார் அவர். பருவத்தின் நடுவில் ஒரு ஸ்லைடு உடைந்தபோது, இறக்குமதி வரும்வரை காத்திருக்க முடியாமல், உள்ளூரில் கிடைத்த சாதாரண உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன் தகட்டில் ஒன்றை வெட்டிப் பொருத்தியிருந்தார்கள் என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

அந்த மாற்று ஸ்லைடை இரு முனைகளிலும் திருகு போட்டு இறுக்கியிருந்தார்கள். பாலிஎத்திலீன் அலுமினியத்தைவிட ஏழெட்டு மடங்கு விரிவடையும் பொருள். ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளமுள்ள ஸ்லைடு 60 டிகிரி சூடேறினால், அது ரெயிலைவிட 13 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக நீள விரும்பும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் பலர் முன்முனையில் மட்டும் ஒரு திருகு வைத்து, பின்முனையைத் தாராளமாக விடுகிறார்கள். இரு முனையும் கட்டப்பட்டால் பட்டை நடுவில் புடைக்கும். புடைத்த இடத்தில் ஒவ்வொரு கிளிப்பும் மோதிச் செல்லும். இடதுபக்க ரெயிலின் நடுப்பகுதியில் இருந்த அலைபோன்ற தேய்மானம் இதனால் வந்ததே.

இத்தோடு நிறுத்தியிருந்தால், "தவறான பிளாஸ்டிக், தவறான பொருத்தம்" என்று எழுதி, சரியான ஸ்லைடு இரண்டு மாட்டி வண்டியை அனுப்பியிருக்கலாம். ஆனால் வலதுபக்கத்தில் இருந்தது தயாரிப்பாளரின் அசல் ஸ்லைடு. அதுவும் அதே வளைவில் இளகியிருந்தது. அதன் சாயம் கிளிப்புகளின் மீது கருங்கோடாக ஒட்டியிருந்தது. மணலால் தேயும் பரப்பில் நீளவாட்டில் கூரான கீறல்கள் இருக்கும். வெப்பத்தால் போகும் பரப்போ வழவழப்பாக, ஓரங்களில் மயிரிழைபோன்ற பிசிறுகளோடு இருக்கும். வலதுபக்கத்தில் இரண்டும் கலந்திருந்தன. வளைவில் பெரும்பாலும் இரண்டாவது வகையே. ஆகவே பொருள் சரியாக இருந்த பக்கமும் அதே நோயில்தான் இருந்தது, சற்று மெதுவாக.

மேலும் இரண்டைக் குறித்துக்கொண்டோம். முன்வரிசைப் போகி சக்கரம் ஒன்றின் பேரிங் இறுகி, சக்கரம் சுழலாமல் ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. மற்றச் சக்கரங்களின் ரப்பரும் மெலிந்து விட்டம் குறைந்திருந்தது. சக்கரம் சிறுத்தால், அது தாங்க வேண்டிய எடை ஸ்லைடின் மீது இறங்கும். டிராக்கும் தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தது. இறுக்கமான டிராக் முன்வளைவில்தான் ரெயிலை அழுத்திப் பிடிக்கும். தேய்மானம் அங்கே குவிந்ததற்கு இது நேரடிக் காரணம்.

வெப்பக் கணக்கு

தம்பியையும் பெரியவரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவந்தது காகிதத்தில் போட்ட ஒரு தோராயக் கணக்கு. வண்டி, ஓட்டுநர், கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்து 400 கிலோ என்றும், அதில் முக்கால் பங்கு டிராக்கின் மீது என்றும் கொண்டால், ஸ்லைடுகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3,000 நியூட்டன் தாங்குகின்றன. ஒரே சமயத்தில் 30 கிளிப்புகள், ஒவ்வொன்றும் சுமார் 300 சதுர மில்லிமீட்டர் பரப்பில் தொடுகின்றன என்றால், அழுத்தம் 0.33 மெகாபாஸ்கல். இது கன்வேயர்க்காரர்களுக்கு அச்சம் தரும் எண் அல்ல. அச்சம் தருவது வேகம். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 8.3 மீட்டர், கரும்பாலையின் சங்கிலிகள் இதற்கு அருகில்கூட வருவதில்லை. அழுத்தத்தையும் வேகத்தையும் பெருக்கினால் (மெகாபாஸ்கல் × மீட்டர்/வினாடி) 2.7-க்கு மேல் வருகிறது. இந்தப் பிளாஸ்டிக் உலர்ந்த நிலையில் தொடர்ந்து தாங்கக்கூடியதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை 0.1 அல்லது அதற்கும் கீழே. போகி சக்கரங்கள் கணிசமான பங்கைச் சுமக்கின்றன என்று விட்டுக்கொடுத்தாலும், எல்லையை வண்டி பல மடங்கு தாண்டுகிறது.

உலர்ந்த உராய்வுக் கெழு 0.15 என்று வைத்தால், அந்த வேகத்தில் பிறக்கும் வெப்பம் 3.7 கிலோவாட். வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் ஒன்றின் திறனைவிட இது அதிகம். அந்த வெப்பம் முழுவதையும் பனி உருகுவதால் மட்டுமே போக்க வேண்டும் என்றால் எவ்வளவு பனி தேவை? மைனஸ் 5 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனி உருகி நீராவதற்கு ஏறத்தாழ 345 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் வினாடிக்கு 11 கிராம் போதும். இந்த எண்தான் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது. ஈரம் வந்தவுடன் உராய்வே குறைந்துவிடுவதால், உண்மையில் தேவைப்படுவது இதைவிடவும் குறைவு. ஆழமான பனியில் ஓட வேண்டியதில்லை. கைப்பிடியளவு பனித்தூள் இடைவிடாமல் அந்த வளைவைச் சென்றடைந்தால் போதும். அது கிடைக்காத இடத்தில் எந்தப் பிளாஸ்டிக்கும் நிற்காது. கிராஃபைட் கலந்த ஸ்லைடுகள் உண்டு. பாலிஇமைடு துண்டுகள் பதித்த, 250 டிகிரிக்கு மேலும் தாங்கும் ஸ்லைடுகளும் உண்டு. அவை நேரத்தை நீட்டிக் கொடுக்கும், காரணத்தை நீக்காது.

இந்த விடுதியில் பனித்தூள் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு இந்த நாட்டின் வானிலையே விடை. கனடாவிலோ பின்லாந்திலோ குளிர்காலம் என்றால் பனிப்பொழிவு. இங்கே மழை கோடைக்காலத்துக்கு உரியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உயர்மலையில் இரவு உறைபனியும் பகலில் சுள்ளென்ற வெயிலும் வறண்ட காற்றுமே மிகுதி. இயற்கைப் பனி எப்போதாவது குளிர்க்காற்று முகப்புகளோடு வந்து போகும். சறுக்குச் சரிவு என்பது இரவில் இயந்திரங்கள் தூவிய பனியால் ஆன ஒரு வெண்பட்டை மட்டுமே. அதன் இருபுறமும் காய்ந்த புல்லும் கல்லும். அந்தச் செயற்கைப் பனி புதிதாக விழுந்த இயற்கைப் பனியைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. சமன்படுத்தி, இரவில் மீண்டும் உறைந்தபின் அது ஓடுபோல் கெட்டிப்படும். டிராக்கின் பற்கள் அதைக் கிளறித் தூளாக்குவது அரிது. போதாக்குறைக்கு, கொட்டகையிலிருந்து சரிவின் அடிவாரம் வரை சரளைக்கல் பாதை. அங்கே பனியே இல்லை.

இன்னொரு கூறு கவனிக்கத்தக்கது. நீர்க்குளிர்ச்சி எஞ்சின் உள்ள வண்டிகளில் டிராக்குக்கு மேலே வெப்ப மாற்றி இருக்கும். பனித்தூள் வராவிட்டால் எஞ்சினும் சூடாகி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஓட்டுநர் நிறுத்திவிடுவார். இந்த வண்டியின் எஞ்சின் விசிறிக் குளிர்ச்சி. எஞ்சின் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்க, கீழே ஸ்லைடு வெந்துகொண்டிருந்ததை ஓட்டுநருக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஓட்டியவர்களைக் குறை சொல்ல இதில் இடமில்லை.

செய்தவை

முதல் வேலை தாங்குபாகம். இறுகிய பேரிங்கையும் தேய்ந்த சக்கரங்கள் அனைத்தையும் மாற்றி, முன்வளைவுக்குச் சற்றுப் பின்னால், தயாரிப்பாளர் விட்டுவைத்திருந்த துளைகளிலேயே கூடுதலாக ஓர் இணைச் சக்கரம் சேர்த்தோம். தளர்பனியில் ஓடும் வண்டிக்கு இவ்வளவு சக்கரம் தேவையில்லை. அவற்றில் பனி அடைத்துக்கொள்ளும், எடையும் கூடும். கெட்டித்தரையில் ஓடும் இந்த வண்டிக்கு அது நன்மையே. வளைந்த கிளிப்புகளை மாற்றி, மற்றவற்றின் விளிம்பில் எழுந்திருந்த பிசிறுகளை அரத்தால் நீக்கி, ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுத்தோம். கூரான கிளிப் ஒன்றே ஒன்று இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் அது புது ஸ்லைடைச் சீவிக்கொண்டே போகும்.

ரெயிலில் கிளிப்புகள் வரித்த இடங்களைச் சமன்படுத்திய பின், இரு பக்கமும் அசல் பொருளிலேயே ஸ்லைடுகள் பொருத்தினோம். தம்பி கேட்டபடி எங்கள் தகட்டில் வெட்டிக் கொடுக்க முடியாதது அல்ல. நாங்கள் வாங்கும், மறுசுழற்சி கலக்காத கன்னித் தரத் தகடு அதே பொருள்தான். ஆனால் மறுசுழற்சி கலந்த தகடும் சந்தையில் அதே நிறத்தில் கிடைக்கிறது, அதன் தேய்மானத் தாங்குதிறன் குறைவு. ஒரு இணையை அவசரத்துக்காகக் கன்னித் தரத்தில் கடைந்து, முன்முனையில் மட்டும் திருகுத்துளை வைத்து, விடுதியின் கொட்டகையில் வைத்திருக்கக் கொடுத்தோம். புது ஸ்லைடைச் செருகச் சோப்புநீர் போதும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் பள்ளத்தின் உதடு பிளந்துவிடும். அதன்பின் டிராக்கின் தளர்வை அந்த வண்டியின் கையேடு சொல்லும் எடையைத் தொங்கவிட்டு அளந்து சரிசெய்து, பின் அச்சின் இருபக்கத் திருகுகளால் நேர்ப்படுத்தினோம். புது ஸ்லைடும் புதுச் சக்கரமும் சிறிது ஓடியபின் இடம் தேடி அமரும் என்பதால், இந்த அளவையும் டிராக்கின் நேர்நிலையையும் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி பார்க்கச் சொன்னோம்.

இரண்டாவது, பனித்தூளை வரவழைப்பது. கெட்டிப்பனிக்கென்று ஸ்கிராட்சர் என்னும் எளிய கருவி இருக்கிறது. வில்லெஃகுக் கம்பியின் நுனியில் கடினமான முனை. அதை ரெயிலில் பொருத்தினால், அது தரையை உரசிக் கீறி, பனித்தூளை டிராக்குக்குள் வாரிப்போடும். பின்னோக்கி ஓட்டும்போது வளைந்து கொடுக்காத வகைகள் ஒடிந்துவிடும். விடுதி வண்டி அடிக்கடி பின்னால் நகர வேண்டியிருப்பதால், முறுக்குக்கம்பியில் அமைந்த, இருபுறமும் வளையும் வகையைத் தேர்ந்தெடுத்தோம். என் கணிப்பில், இந்த வண்டிக்குச் செய்த செலவிலேயே மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் இதுதான். ஆனால் சரளையில் இதைக் கட்டாயம் தூக்கி மாட்ட வேண்டும். அங்கே அது பனியை அல்ல, கல்லைத்தான் எறியும்.

மூன்றாவது, சரளைப் பாதை. இதற்குப் பட்டறையில் வழி இல்லை, விடுதியில்தான் இருந்தது. இரவில் பனி தூவும்போது குழாயைச் சிறிது நேரம் அந்தப் பாதையின் பக்கமும் திருப்பி, ஒரு வண்டி அகலத்துக்குப் பனி விரிப்பது என்று முடிவானது. அது கரைந்துவிடும் நாள்களில் வண்டியை டிரெய்லரில் ஏற்றிச் சரிவின் அடிக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு வழியின்றி ஓட்டியே ஆக வேண்டுமானால், புறப்படும் முன் மண்வெட்டியால் டிராக்குக்குள் பனி அள்ளிப்போட்டு, நடைவேகத்தில் செல்ல வேண்டும். தூரம் அதேதான் என்றால் பிறக்கும் மொத்த வெப்பமும் அதேதான். ஆனால் மெதுவாகச் செல்லும்போது அது கிளிப்புகள் வழியே வெளியேற நேரம் கிடைக்கிறது.

சூடான ஓட்டத்துக்குப் பின் வண்டியை உடனே கொட்டகையில் நிறுத்திவிடுவதும் நின்றது. இளகிய ஸ்லைடு கிளிப்போடு ஒட்டி உறைந்து, மறுநாள் காலை முதல் இழுப்பில் பிய்ந்துவரும். நிறுத்தும் முன் தளர்ந்த பனியில் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுவது இப்போது பழக்கமாகியிருக்கிறது. வெப்பத்தைப் பார்க்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று கொடுத்தோம். பளபளக்கும் எஃகுக் கிளிப்பின் மீது பிடித்தால் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஸ்லைடின் பக்கவாட்டு விளிம்பில் பிடிக்க வேண்டும்.

அடுத்த குளிர்காலம்

அடுத்த பருவம் முடிந்ததும் வண்டி சோதனைக்கு மீண்டும் வந்தது. முன்வளைவு, நடு, பின்முனை ஆகிய இடங்களில் இரு ஸ்லைடுகளையும் வெர்னியரால் அளந்தோம். இரண்டும் எல்லைக் கோட்டுக்கு மேலே தாராளமாக நின்றன. இடம் வலம் வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. கிளிப்புகளில் சாயக்கோடு இல்லை. வளைவில் பரப்பு சற்று வழவழப்பாக இருந்தாலும் பிசிறு இல்லை. அவசரத்துக்குக் கொடுத்த இணை கட்டுப் பிரிக்கப்படாமலே இருந்தது.

ஆனால் நீளவாட்டுக் கீறல்கள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன, ஒன்றிரண்டு இடங்களில் மணல்துகள் பிளாஸ்டிக்குள் பதிந்தும் இருந்தது. வெப்பம் தணிந்ததும், அதுவரை மறைந்திருந்த மணல் தேய்மானம் முன்னால் வந்திருக்கிறது. சரளையின் மீது தூவிய பனி, பகல் வெயிலில் சேறாகி, அந்தச் சேறு டிராக்கில் ஏறுவதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். ஸ்கிராட்சர் முனைகளும் தேய்ந்து மாற்றவேண்டிய நிலையில் இருந்தன. அவை தேய்வது எதிர்பார்த்ததே. சேற்றுக்குத் தம்பி சொன்ன யோசனை, பாதையின் ஈரமான பகுதியில் கன்வேயர்களிலிருந்து கழித்த பழைய ரப்பர் பெல்ட்டை விரித்து, அதன் மீது பனி தூவுவது. அது நல்ல யோசனை. எங்கள் முற்றத்தில் கிடக்கும் பெல்ட் சுருள்களில் அகலமானதாக ஒன்றைத் தேர்ந்து, அடுத்த ஜூனுக்கு முன் மலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறோம்.